வலிமையும் விறைப்பும்: பாலத்து உத்திரங்களில் உயர்வலிமை எஃகு

வலிமை, உறுதி, திண்மை, விறைப்பு ஆகியவற்றை ஒருபொருள் குறித்த பல சொற்களாகவே நாம் வகுப்பறையில் வழங்கி வருகிறோம். பாலம் அமைக்கும் பொறியாளருக்கோ இவை வெவ்வேறு பண்புகள். இவ்வேறுபாட்டை அறிந்தாலன்றி உயர்வலிமை எஃகின் பயனும் எல்லையும் விளங்கா.

பாலத்தின் தளத்தைத் தாங்குவது கர்டர் எனப்படும் உத்திரம். தகடுகளைப் பற்றவைத்துச் செய்யப்படும் இதன் குறுக்குவெட்டு, ஆங்கில ‘ஐ’ எழுத்தின் வடிவினது. மேலும் கீழும் கிடப்பவை விளிம்புத் தகடுகள். இடையே நிற்பது நடுத்தகடு. இரு தூண்களுக்கு நடுவே சுமை ஏறும்போது மேல்விளிம்பு அமுங்குகிறது, கீழ்விளிம்பு இழுபடுகிறது. சாதாரணக் கட்டுமான எஃகு சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் வரை தாங்கும். அதனைக் கடந்தால், சுமை நீங்கினும் பழைய வடிவுக்கு மீளாது. உயர்வலிமை எஃகு ஒன்றில் இவ்வெல்லை 485 நியூட்டன்.

அங்ஙனமாயின் தகட்டின் கனத்தைப் பாதியாக்கலாமே என மாணவர் வினவக்கூடும். ஈண்டுதான் சொல் வேறுபாடு முன்நிற்கிறது. எஃகின் வலிமை இருமடங்கானாலும் விறைப்பு மாறுவதில்லை. அதனை அளக்கும் யங் குணகம் எவ்வகைக் கட்டுமான எஃகுக்கும் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2,00,000 நியூட்டனே. ஆதலின் மெலிந்த உத்திரம் முறியாது நிற்பினும், அதே சுமைக்கு முன்னிலும் மிகுதியாகத் தொய்யும். அமுங்கும் தகடு நெளியவும் கூடும். சுமை பல இலட்சம் முறை ஏறி இறங்குவதால் பற்றவைத்த இணைப்புகளில் தோன்றும் அயர்ச்சியையும் எஃகின் வலிமை தடுப்பதில்லை.

இன்னொரு பண்பும் உண்டு. அதனைப் பொறியியல் உலகம் உயிர்களை விலையாகக் கொடுத்து அறிந்தது. அமெரிக்காவில் ஒகையோ ஆற்றின்மீது 1928இல் அமைந்த சில்வர் பாலம் உத்திரப் பாலம் அன்று, தொங்கு பாலம். கம்பி வடங்களுக்கு மாறாக, வெப்பத்தால் பதப்படுத்திய உயர்வலிமை எஃகுப் பட்டைகளைச் சங்கிலியாகக் கோத்திருந்தனர். எஃகு வலியதாதலின் கண்ணிக்கு இரண்டு பட்டைகளே அமைந்தன. 1967 டிசம்பர் 15 மாலையில், ஒரு பட்டையின் துளையருகே சுமார் 2.5 மில்லிமீட்டர் ஆழமே இருந்த விரிசலிலிருந்து அப்பட்டை பிளந்தது. பாலம் முழுதும் ஆற்றில் வீழ்ந்தது. 46 பேர் மாண்டனர். எஃகில் வலிமை இருந்தது. விரிசலைப் பொறுக்கும் தன்மை இல்லை. இதனை ‘விரிசல் பொறுதி’ எனத் தமிழில் வழங்கலாமா என நாம் எண்ணியதுண்டு.

வலிமையோடு இப்பொறுதியும் சேர்ந்த எஃகை உருவாக்க, அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையும் கடற்படையும் எஃகு உற்பத்தியாளரும் 1994இல் ஒன்றுகூடி முனைந்தனர். கரிமத்தை 0.11 விழுக்காட்டுக்கு மிகாமல் குறைத்தனர்; கந்தகத்தையும் பெரிதும் நீக்கினர். பற்றவைக்கையில் விரிசல் விழும் அச்சம் தணிந்தது. நெப்ராஸ்கா மாநிலத்து ஸ்னைடரில் 1997இல் இவ்வெஃகாலான முதற்பாலம் எழுந்தது. ஆயினும் அங்கே தகட்டின் அளவைக் குறைக்கவில்லை. பழைய எஃகுக்கு வகுத்த அளவிலேயே புதிய எஃகை வைத்துச் செய்முறை பழகினர். இந்நிதானம் நமக்குப் பெரிதும் உவப்பானது.

அடுத்து டென்னசி மாநிலத்தில் மார்ட்டின் கிரீக் பாலத்தின் வடிவமைப்பையே மாற்றினர். எஃகின் எடை ஏறத்தாழக் கால் பங்கு குறைந்தது. செலவோ பத்தில் ஒரு பங்களவே குறைந்தது. டன் ஒன்றுக்குப் புதிய எஃகின் விலை கூடுதல் என்பதே காரணம். ஆகவே, தொடர் உத்திரங்களில் தகைவு மிகும் தூண்களின் மேற்பகுதி விளிம்புகளுக்கு மட்டும் 485 எஃகையும், நடுத்தகட்டுக்கும் ஏனைய பகுதிகளுக்கும் 345 எஃகையும் அமைக்கும் கலப்பு உத்திரங்களையே பொறியாளர் பலர் தேர்கின்றனர்.