வலி மாத்திரைக்கு அடிமையானவர் மருந்து உண்டு மீள்வது ஆகுமா?

 

சென்ற ஆண்டு ஷஃபான் மாதத்தில் ஒரு தாயார் அம்பத்தூரில் எங்கள் பள்ளிவாசல் வாசலில் நின்று ஒரு மஸ்அலா கேட்டார்கள். "ஹஜ்ரத், என் மகனுக்கு டாக்டர் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை கொடுத்திருக்கிறார். அதுவும் அபின் ஜாதிதான் என்று சொல்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு அவன் தொழலாமா? நோன்பு பிடிக்கலாமா?"

இந்தக் கேள்விக்கு முன்னால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அதில் என் தவறும் இருக்கிறது.

அந்த மகன் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைத் தொழிலாளி. பாரம் தூக்கியதில் இடுப்பில் அடிபட்டு, டாக்டர் சீட்டில் டிரமடால் மாத்திரை பத்து நாளைக்கு எழுதப்பட்டது. வலி குறைந்த பின்னும் மாத்திரை நிற்கவில்லை. சீட்டு இல்லாமலே ஒரு மருந்துக்கடையில் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று இரண்டாகி, ஓராண்டில் நாளைக்கு எட்டாகிவிட்டது. ஓர் இரவு இஷாவுக்குப் பின் என்னிடம் வந்து அழுதார். நான் தவ்பாச் செய்யச் சொல்லி, "இன்றே எல்லாவற்றையும் சாக்கடையில் எறிந்துவிடுங்கள், இனித் தொடாதீர்கள்" என்று அனுப்பிவிட்டேன். மார்க்கத்தைச் சொல்லிவிட்டதாகவே அன்று நினைத்தேன்.

அவர் எறிந்தும் விட்டார். மறுநாள் முதல் வாந்தி, வயிற்றுப்போக்கு, வியர்வை, எலும்பை முறித்தாற்போன்ற குடைச்சல், தூக்கமின்மை. ஒரு வாரத்தில் உடல் சற்றுத் தெளிந்தது. மனத்தின் ஏக்கம் தெளியவில்லை. இருபது நாள் தாக்குப்பிடித்தார். இருபத்தோராம் நாள் வலி தாங்காமல் பழைய கணக்கில் எட்டையும் ஒன்றாக விழுங்கினார். வலிப்பு வந்தது, மூச்சு மெலிந்தது, உதடு நீலம் பாரித்தது. தம்பி பார்த்து ஆட்டோவில் தூக்கிப் போனதால் அல்லாஹ்வின் கிருபையால் உயிர் தப்பியது.

நான் அறியாதிருந்தது இதுதான். இவ்வகை மாத்திரையை நெடுநாள் உண்டவரின் உடல் அந்த அளவுக்குப் பழகிவிடுகிறது. சில வாரம் நிறுத்தினால் தாங்கும் சக்தி போய்விடுகிறது. ஆசை மட்டும் போவதில்லை. அப்போது பழைய அளவை உண்பது மூச்சையே நிறுத்திவிடக்கூடும். நிறுத்தும்போது வரும் அவதியைவிட, நிறுத்திய பின் மீண்டும் தொடும் நேரமே பெரும்பாலும் உயிரைப் பறிக்கிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆகவே "உடனே விடு" என்று சொல்லி வேறு துணை எதுவும் கொடாமல் அனுப்புவது ஒருவரைக் கிணற்று விளிம்பில் நிறுத்திவிட்டு வருவதற்குச் சமம்.

ஆஸ்பத்திரியில் அவருக்குக் கொடுக்கப்பட்ட மருந்தின் பெயர் பியூப்ரநார்ஃபின். மூளையில் அபின் வகைப் பொருள்கள் போய் அமரும் இடங்களில் இதுவும் போய் அமர்கிறது. ஆனால் அவற்றின் வேலையில் ஒரு பகுதியை மட்டுமே செய்கிறது. அவதியும் ஏக்கமும் அடங்குகின்றன. சரியான அளவில் எடுப்பவருக்கு மயக்கம் ஏற்படுவதில்லை. இடம் நிரம்பியிருப்பதால் மேலே வேறு மாத்திரை போட்டாலும் வழக்கமான போதை ஏறுவதில்லை. இந்தியாவில் பெரும்பாலும் நலாக்சோன் என்ற பொருளைச் சேர்த்தே இதைத் தருகிறார்கள். கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ள முயன்றால் அது போதையை முறித்துவிடும். இதையும் மெதடோன் என்ற இன்னொரு மருந்தையும் உலக சுகாதார நிறுவனம் 2005இல் இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பிரான்சில் 1995 முதல் பியூப்ரநார்ஃபினைச் சாதாரண டாக்டர்களும் எழுதிக்கொடுக்கத் தொடங்கியபின், நான்கே ஆண்டுகளில் ஹெராயின் முதலியவற்றின் மிகையளவால் நேரும் சாவுகள் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன.

இனி மஸ்அலாவுக்கு வருவோம். "போதை தருவது ஹராம், ஹராமில் ஷிஃபா இல்லையே" என்று சிலர் கேட்பார்கள். கேட்பது நியாயமே. ஆனால் நம் முன்னோர்கள் இதே கேள்வியை எதிர்கொண்டிருக்கிறார்கள். மக்காவில் வாழ்ந்து ஹிஜ்ரி 974இல் மறைந்த ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இப்னு ஹஜர் அல்ஹைதமீ (ரஹ்) அவர்களிடம், அபின் உண்டு பழகி, உண்ணாவிட்டால் அழிந்துவிடுவார் என்ற நிலைக்கு வந்தவரைப் பற்றிக் கேட்கப்பட்டது. அழிவு உறுதியென்றால் அவருக்கு அது ஆகும். ஆகும் என்பது மட்டுமன்றி உயிரைக் காப்பதற்காக வாஜிபும் ஆகும். பட்டினியால் சாகும் நிலையில் இருப்பவனுக்குச் செத்த பிராணி ஆகுமானதைப் போல, என்ற கருத்தில் இமாமவர்கள் பதிலளித்தார்கள். அத்தோடு விடவில்லை. வயிறு உணராதபடி சிறிது சிறிதாக அளவைக் குறைத்துக்கொண்டே போவது அவர்மீது கடமை. குறைக்காதிருந்தால் பாவியாவார் என்றும் சொன்னார்கள்.

டமாஸ்கஸின் ஹனஃபீ அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் தமது ரத்துல் முஹ்தாரில் இந்தத் தீர்ப்பை எடுத்தெழுதி, ஹனஃபீ மத்ஹபின் விதிகளும் இதற்கு மாறுபடவில்லை என்று ரம்லீ (ரஹ்) அவர்கள் கூறியதையும் சேர்த்திருக்கிறார்கள். நம் வட்டாரத்தில் இரண்டு மத்ஹபினரும் இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். மத்ரஸாவில் ஓதிய காலத்தில் இந்தப் பக்கத்தைப் பரீட்சைக்காகப் படித்தவன்தான் நானும். அந்த இளைஞர் அழுதபோது அது என் நினைவுக்கு வரவில்லை.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். இமாமவர்கள் அனுமதித்தது அபினையே. நிபந்தனை, உறுதியான அழிவு. நம் கேள்வியில் இருப்பதோ மயக்கம் தராத அளவில் தேர்ந்த மருத்துவர் தரும் சிகிச்சை. திரவமல்லாத இவ்வகைப் பொருள்களை ஷாஃபிஈ கிதாபுகள் நஜீஸாகக் கருதுவதில்லை; தேவையான சிகிச்சைக்குப் புத்தி மயங்காத அளவில் இடமும் தருகின்றன. ஆகவே இது இன்னும் இலகுவானது என்பது என் கருத்து. தொழுகைக்குத் தடை புத்தி மயங்கிய நிலைதான். ஓதுவதை உணர்ந்து ஓதுகிறவர் தாராளமாகத் தொழலாம்.

நோன்பு விஷயம் வேறு. நாக்கின் அடியில் கரைவது உமிழ்நீரோடு உள்ளே போவதால், பகலில் வைத்தால் நோன்பு முறியும். ஆனால் இம்மருந்தின் வேலை ஒரு நாள் அளவுக்கு நீடிப்பதால் நோன்பு திறந்த பின்னரோ ஸஹரிலோ வைத்துக்கொள்ள இயலும். கரையச் சில நிமிடம் பிடிக்கும். ஸஹரின் கடைசி நொடிக்கு விடாதீர்கள். கரைந்த பின் வாயைக் கொப்பளித்துவிடுங்கள்; பல்லுக்கு நல்லது. நேரத்தை மாற்றுவதை ரமளானுக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும்.

முதல் மாத்திரையை எப்போது வைப்பது என்பதும் அவர் சொல்லவேண்டியதே. பழைய மாத்திரை உடலில் இருக்கும்போது அவசரப்பட்டால் அவதி திடீரென்று பன்மடங்காகும். தூக்க மாத்திரையோடும் மதுவோடும் சேர்ப்பது ஆபத்து. எவ்வளவு காலம் என்றால், மாதங்களாகலாம், வருடங்களும் ஆகலாம். "இன்னுமா தின்கிறாய்?" என்று வீட்டார் குத்திக்காட்ட வேண்டாம். குறைப்பது கடமை என்று இமாம் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நாமாகக் குறைக்கவும் வேண்டாம். சிறிது சிறிதாக என்று அவர்கள் சொன்னதன் அளவை இன்று அறிந்தவர் மருத்துவரே.

மலேசியாவில் உறவினர் உள்ள குடும்பங்கள் நம்மில் பல. கோலாலம்பூரில் மஸ்ஜிதுர் ரஹ்மான் பள்ளிவாசலோடு இணைந்து 2010இல் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் மெதடோன் சிகிச்சையைத் தொடங்கினார்கள். தொழ வருகிற இடத்திலேயே மருந்தும் ஆலோசனையும். நம் ஜமாஅத்துகளிலோ இப்படிப்பட்டவரின் பெயரைக் கேட்டாலே சந்தாப் புத்தகத்தை மூடிவைக்கிறோம். நடுவணரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் நூறு பேரில் சுமார் ஒருவர் இவ்வகை மருந்துகளைத் தவறாகப் பயன்படுத்துகிறார். டிரமடாலை 2018 ஏப்ரலில் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்த பின், டேபென்டடால் என்ற மாத்திரை சென்னையிலும் புறநகரிலும் இளைஞர் கைக்கு வந்து, போலீஸார் பறிமுதல் செய்யும் செய்தி அடிக்கடி வருகிறது. ஜும்ஆவில் நம் முன்னால் அமரும் ஸஃப்புகளில் அந்த ஒருவர் இல்லை என்று யார் சொல்வது?

அந்தத் தாயாரிடம், தொழலாம், நோன்பு பிடிக்கலாம் என்று மேற்கண்டவாறு சொன்னேன். முதலில் தவறாகச் சொன்னதற்கு மகனிடம் மன்னிப்பும் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "விடுங்க ஹஜ்ரத், ஸஹருக்கு எத்தனை மணிக்கு எழணும், அதைச் சொல்லுங்க" என்றார்.

இம்மருந்து சாதாரண மருந்துக்கடையில் கிடைப்பதில்லை. போதை மீட்பு மையங்கள் வழியாகவே தரப்படுகிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் போதை மீட்புப் பிரிவு உண்டு. எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம். போகும்போது அவர் உண்டுவந்த மாத்திரையின் அட்டையை, காலியானதாக இருந்தாலும், கையோடு எடுத்துச் செல்லுங்கள்.