நூல்நிலையப் பேரறிஞர்

ஒரு தொழிலை விரும்பி மேற்கொள்வோர் உளர். வேறு வழியின்றி மேற்கொள்வோரும் உளர். விருப்பமின்றி ஏற்ற தொழிலாயினும், அதனை முறையாகக் கற்குங்கால் அதன்பால் அன்பு பிறத்தல் கூடும். அங்ஙனம் பிறந்த அன்பினால் நம் நாட்டு நூல்நிலையங்களுக்குப் புத்துயிர் அளித்தவர் சீ. இரா. அரங்கநாதனார்.

அரங்கநாதனார் 1892-ஆம் ஆண்டு சீகாழியில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்றார், பின்னர் அரசினர் கல்லூரிகளில் கணித ஆசிரியராய் விளங்கினார். மாணவர் சூழ இருந்து பாடம் சொல்லுதலே அவருக்குப் பேரின்பமாயிற்று.

1924-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் நூல்நிலையத் தலைவராக அமர்ந்தார். ஆங்கு நூல்கள் இருந்தன. நாடி வருவோர் மிகச் சிலரே. பேச்சும் வினாவும் நிறைந்த வகுப்பறையை விட்டு வந்தவர்க்கு அவ்வமைதி பெருஞ்சுமையாகத் தோன்றியது. சில நாட்களிலேயே, தம்மைக் கல்லூரிக்கே மீண்டும் அனுப்புமாறு வேண்டினார். இங்கிலாந்து சென்று நூல்நிலையக் கலையைப் பயின்று திரும்பிய பின்னரும் மனம் மாறாதாயின், அவர் விருப்பம் நிறைவேற்றப்படும் என்று அதிகாரிகள் கூறினர்.

இலண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியில் அவர் சேயர்சு என்னும் அறிஞரிடம் பாடம் கேட்டார். பல நூல்நிலையங்களை நேரிற் கண்டார். அங்கே சிறுவரும் பெண்டிரும் தொழிலாளரும் உரிமையோடு புகுந்து தமக்கு வேண்டிய நூல்களைப் பெற்றுச் சென்றனர். அக்காட்சி அவர் உள்ளத்தை மாற்றியது. நூல்நிலையத் தலைவரும் ஓர் ஆசிரியரே. அவர்தம் வகுப்பறைக்கு வயது வரம்பு இல்லை என்பதை அவர் உணர்ந்தார். கல்லூரிக்குத் திரும்பும் எண்ணம் அகன்றது.

ஒருநாள் அவர் இலண்டன் மாநகரில் ஒரு கடையில் விளையாட்டுக் கருவி ஒன்றைக் கண்டார். விற்பவர் ஒரே வகைத் தகடுகளையும் ஆணிகளையும் மாற்றி மாற்றி இணைத்துப் பற்பல பொம்மைகளைச் செய்து காட்டினார். அரங்கநாதனார்க்கு ஒரு புதிய எண்ணம் உதித்தது. அந்நாள் வரை வழங்கிய முறைகளில் ஒவ்வொரு பொருளுக்கும் உரிய எண் முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. புதிய துறைகள் தோன்றியபோது அவற்றிற்கு இடம் காண்டல் அரிதாயிற்று. தஞ்சையில் நெற்பயிர்க்கு வந்த நோயைப் பற்றிய நூல் ஒன்றைக் கருதுவோம். பயிர், நோய், இடம் என அதன் பொருளைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் ஒரு குறி அமைத்து, அக்குறிகளை இணைத்தால் நூலின் எண் கிடைத்துவிடும். இதுவே 1933-ஆம் ஆண்டு வெளிவந்த கோலன் பகுப்பு முறையின் அடிப்படை.

சென்னை மீண்ட அவர், படிப்போர் தாமே அடுக்குகளை அணுகி நூல்களை எடுத்துப் பார்க்க வழி செய்தார். நூல்நிலையப் பணிக்குரிய ஐந்து விதிகளை வகுத்து 1931-ஆம் ஆண்டு ஒரு நூலாக வெளியிட்டார். பூட்டிக் காக்கப்படும் நூலால் எவர்க்கும் பயனில்லை. படிக்க விரும்பும் எவரும் நூலின்றித் திரும்பலாகாது. எந்நூலும் படிப்பாரின்றிக் கிடத்தலாகாது. வருவோர் காலம் வீணாதல் கூடாது. நூல்நிலையம் உயிருள்ள பொருள் போல நாளும் வளர்வது. இவையே அவ்விதிகளின் கருத்து.

தாம் கற்றது தம்மோடு நின்றுவிடுதலை அவர் விரும்பவில்லை. 1928-ஆம் ஆண்டு சென்னை நூல்நிலையச் சங்கம் தோன்ற உழைத்தார். அடுத்த ஆண்டே அச்சங்கத்தின் வாயிலாக நூல்நிலையப் பணியாளர்க்குப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். நகர மக்களேயன்றி நாட்டுப்புற மக்களும் நூல்களைப் பெறுதல் வேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்தில் பரவியது. 1931-ஆம் ஆண்டு மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் நூல்களைச் சுமந்த மாட்டுவண்டி ஒன்று சிற்றூர்களை நோக்கிப் புறப்பட்டது. அரங்கநாதனார் இடைவிடாது முயன்றதன் பயனாக 1948-ஆம் ஆண்டு சென்னைப் பொது நூல்நிலையச் சட்டம் நிறைவேறியது. நாடு விடுதலை பெற்ற பின் இந்தியாவில் எழுந்த முதல் நூல்நிலையச் சட்டம் அதுவேயாகும்.

எளிய வாழ்வு வாழ்ந்து சேர்த்த பொருளில் ஓரிலட்சம் ரூபாயை, நூல்நிலையக் கல்விக்குரிய பேராசிரியர் பதவி ஒன்றினைத் தம் துணைவியார் சாரதா அம்மையார் பெயரால் நிறுவுதற்காகச் சென்னைப் பல்கலைக் கழகத்திற்கு வழங்கினார். 1972-ஆம் ஆண்டு மறையும் வரை அவர் எழுதுவதையும் கற்பிப்பதையும் விட்டாரிலர்.

விட்டுவிட எண்ணிய பணியே அவருடைய வாழ்நாட் பணியாயிற்று. கற்றதனால் அப்பணியின்பால் அன்பு பிறந்தது. கற்றதைப் பிறர்க்கு வழங்கியதனால் அவ்வன்பு நாட்டுக்குப் பயன் தந்தது. பணம் கொடுத்து நூல் வாங்க இயலாத சிறுவன் ஒருவன், இன்று தன் ஊர் நூல்நிலையத்தில் அமர்ந்து விரும்பிய நூலைப் படிக்கின்றான். அச்சிறுவனின் மகிழ்ச்சியே அரங்கநாதனார்க்கு உரிய நினைவுச் சின்னமாகும்.