குடிக்காதவங்களுக்கும் கல்லீரல் கெடுமா?

சென்ற இதழில் இரத்தசோகை பற்றிப் பார்த்தோம். இந்த இதழில் கல்லீரலில் கொழுப்பு சேர்வது பற்றிப் பார்ப்போம். இதை எழுதக் காரணம் நம்ம குழு அக்கா ஒருவர். அவரிடம் கேட்டுக்கொண்டு, பெயர் சொல்லாமல் எழுதுகிறோம்.

அந்த அக்கா வயித்து வலின்னு டவுனுக்குப் போய் ஸ்கேன் எடுத்தார். ‘ஃபேட்டி லிவர், கிரேடு 1’ என்று ரிப்போர்ட் வந்தது. விஷயம் தெருவுக்குத் தெரிந்ததும், “லிவர் கெடுறது குடிக்கிறவங்களுக்குத்தானே?” என்று ஒருத்தர் கேட்டுவிட்டார். அந்தப் பேச்சு தாங்காமல் அக்கா இரண்டு மாதம் கூட்டத்துக்கே வரவில்லை. நாங்கள் வீட்டுக்குப் போனபோது ரிப்போர்ட்டை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தார். “கறி, முட்டை, கடலை எல்லாத்தையும் விட்டுட்டேன். மூணு வேளையும் சோறும் ரசமும்தான். கூட நாலு டீ” என்றார்.

பயத்தில் அவர் நிறுத்தியது நிறுத்த வேண்டாத உணவு. குறைக்க வேண்டியது அப்படியே இருந்தது. இந்தத் தப்பு நம்மில் பலருக்கும் நடக்கும்.

கொழுப்பு எப்படிச் சேருகிறது?

கல்லீரல் வலது பக்க விலா எலும்புக்கு அடியில் இருக்கிறது. சுமார் ஒன்றரை கிலோ எடை. நாம் சாப்பிடுவதைப் பிரித்து உடம்புக்குக் கொடுப்பது இதன் வேலை. நம்ம குழுக் கணக்கு மாதிரிதான் இதுவும். வரவு சோறு, டீ, பலகாரம். செலவு நம்ம உழைப்பு. செலவு போக மிஞ்சும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொஞ்சம் அப்படியே சேமிக்கும். அதற்கும் மேல் வந்தால் கொழுப்பாக மாற்றிவிடும். அந்தக் கொழுப்பு கல்லீரலில் 5 சதவீதத்துக்கு மேல் தங்கினால் அதுதான் ஃபேட்டி லிவர். ஆகவே எண்ணெய் மட்டும் காரணம் இல்லை. எண்ணெயே இல்லாத வெறும் சோறும் சர்க்கரையும் அளவு மீறினால் கொழுப்புதான்.

குடியால் வருவது ஒரு வகை. குடிக்காதவர்களுக்கு வருவது இன்னொரு வகை. சர்க்கரை நோய், தொப்பை, இரத்தக் கொழுப்பு உள்ளவர்களுக்கு இது அதிகம். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் வரலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும்?

முதலில் வலி, காய்ச்சல் எதுவும் இருக்காது. சிலருக்கு அசதி, வலது பக்கம் லேசான பாரம் இருக்கும். எல்லோருக்கும் முற்றாது. ஆனால் சிலருக்குக் கொழுப்பு சேர்ந்த இடத்தில் வீக்கம் வரும், பிறகு தழும்பு விழும், கடைசியில் கல்லீரல் சுருங்கிப்போகும். இவர்களுக்கு மாரடைப்பு ஆபத்தும் கூடுதல். அதனால்தான் 2021ல் மத்திய அரசு, சர்க்கரை நோய், இருதய நோய் தடுப்புத் திட்டத்தோடு இதையும் சேர்த்தது.

நல்ல செய்தி என்னவென்றால், ஆரம்ப நிலையில் இதைத் திருப்ப முடியும். 60 கிலோ எடையுள்ளவர் 3 கிலோ குறைத்தாலே கொழுப்பு இறங்கத் தொடங்கும். 4 முதல் 6 கிலோ வரை குறைத்தால் வீக்கமும் ஆறும். இதற்காகப் பட்டினி கிடக்காதீர்கள். திடீரென்று எடை இறங்கினால் கல்லீரலுக்குக் கெடுதல். மாதம் ஒன்று, இரண்டு கிலோ போதும்.

சாப்பாட்டில் என்ன மாற்றலாம்?

1. டீ: ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு நாலு டீ என்றால் சுமார் 40 கிராம் சர்க்கரை. 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரை ஸ்பூனாகக் குறைத்தால் மாதம் 900 கிராம் மிச்சம். கிலோ 45 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு ஆளுக்கு 40 ரூபாய் சேமிப்பு! வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கலர், ஜூஸ் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும்.

2. சோறு: விட வேண்டாம், அளக்க வேண்டும். தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை அல்லது மீன். கால் பங்கு சோறு. கம்பும் கேழ்வரகும் நல்லதுதான், ஆனால் அதுவும் அளவோடு.

3. மிச்சச் சோறு: “வீணாப் போகுதே”ன்னு கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுவது நாம்தான். அரை ஆழாக்கு அரிசி குறைத்து உலையில் போடுங்கள். எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

4. எண்ணெய்: ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும். வடை, பஜ்ஜி, பாக்கெட் தீனி எப்போதாவது இருக்கட்டும். ஒரு பிடி வேர்க்கடலை சாப்பிடலாம், வறுத்தோ அவித்தோ.

5. நடை: வயல் வேலை இல்லாத நாளில் அரை மணி நேரம் வேகமாக நடங்கள்.

வீட்டில் யாருக்காவது ஃபேட்டி லிவர் இருந்து அவர் குடிப்பவராகவும் இருந்தால், குடியை முழுசா விட்டே ஆக வேண்டும். ‘கல்லீரலைச் சுத்தம் செய்யும்’ என்று விற்கும் பொடி, லேகியங்களை டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். சில மருந்துகளே கல்லீரலைக் கெடுத்துவிடும்.

யார் பரிசோதிக்க வேண்டும்?

டெய்லர் டேப்பால் தொப்புள் பக்கம் வயிற்றுச் சுற்றளவை அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர் பாருங்கள். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்கள் கல்லீரல் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் சிலருக்குக் கொழுப்பு இருக்கலாம். கண் மஞ்சளானாலோ, வயிறு, கால் வீங்கினாலோ, இரத்த வாந்தி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நம்ம அக்கா இப்போது மறுபடி முட்டை, பயறு சாப்பிடுகிறார். ஐந்து மாதத்தில் நாலு கிலோ குறைந்திருக்கிறார். அடுத்த ஸ்கேனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் ரிப்போர்ட் இப்போது அரிசிப் பானையில் இல்லை. போன கூட்டத்துக்கு அவரே எடுத்து வந்து எல்லோருக்கும் காட்டினார்.

குழுவில் பேசுங்கள்:
• நம் வீட்டில் மாதம் எத்தனை கிலோ சர்க்கரை, எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறோம்?
• வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? என்ன மிஞ்சுகிறது?
• அடுத்த கூட்டத்தில் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல் வைக்கலாமா? தீர்மானம் போட்டு நோட்டில் எழுதுங்கள்.