வாடைக் காற்று வருமுன் குளியலறை ஜன்னலைக் கவனியுங்கள்

புரட்டாசி முடியும் நேரம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கிவிடும். அதற்குள் நன்றாக வெயில் அடிக்கும் ஒரு பகலைக் குளியலறை ஜன்னலுக்காக ஒதுக்குங்கள். துளை போடாமல் மாட்டும் மறைப்புகள் பெரும்பாலும் பசையையோ ஸ்பிரிங்கின் அழுத்தத்தையோ நம்பித்தான் நிற்கின்றன. சுவர் உலர்ந்திருந்தால்தான் இரண்டும் பிடிக்கும். ஐப்பசி அடைமழையில் ஈரம் ஊறிய சுவரில் ஒட்டினால் இரண்டே நாளில் கீழே விழும்.

இதுவரை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மாலை இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வந்தது. இனிமேல் சாரல் வடக்கிலும் கிழக்கிலும் இருந்து அடிக்கும். வடக்குச் சுவருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் பின்பாதி வரை அதன்மேல் நேர் வெயில் விழாது. நனைந்தால் உலராது, கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். உங்கள் குளியலறை ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். வடக்கு, கிழக்கு என்றால் துணி, காகிதம், மூங்கில் மூன்றையும் இப்போதே ஒதுக்கிவிடலாம்.

நம் பகுதியில் பல வீடுகளுக்கு நடுவே இருப்பது மூன்றடிச் சந்துதான். இந்த வீட்டு வென்டிலேட்டருக்கு நேரே அடுத்த வீட்டு மாடிப்படி. செய்தித்தாளை ஒட்டியும் பழைய புடவையைச் செருகியும் சமாளிக்கிறோம். வாடகை வீட்டில் டைல்ஸில் டிரில் போட்டு விரிசல் விட்டால் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்கள். சொந்த வீடாகவே இருந்தாலும் குளியலறைச் சுவரில் கண்மூடித்தனமாகத் துளை போடாதீர்கள். தண்ணீர்க் குழாயும் ஹீட்டர் ஒயரும் சுவருக்குள்ளேயேதான் ஓடுகின்றன.

மறைப்பு தேர்ந்தெடுக்க என் அளவுகோல் ஒன்றே: பார்வையை மறைக்க வேண்டும், காற்றை மறைக்கக் கூடாது. புயல் சமயத்தில் இது இன்னும் முக்கியம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுவிட்டால் அந்தச் சின்ன ஜன்னல்தான் ஒரே வழி.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் படியுங்கள். காற்றோட்டமில்லாத அறையில் அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமில்லை, மணமில்லை. குளித்துக்கொண்டிருப்பவர் தலைசுற்றி விழுவார், கதவு உள்ளே தாழிட்டிருக்கும். மழைக்காலத்தில்தான் வெந்நீரும் அதிகம், ஜன்னலை அடைப்பதும் அதிகம். கேஸ் கீசர் குளியலறைக்குள் இருக்கவே கூடாது. இருந்தால், மறைப்பு வாங்கும் முன் அதை வெளியே மாற்றச் செய்யுங்கள். மாற்றும்வரை அதைப் பற்றவைக்க வேண்டாம். அடுப்பில் வெந்நீர் போட்டுக் கொண்டுபோங்கள்.

இனி ஜன்னலுக்கு வருவோம். பழைய வீடுகளில் பெரும்பாலும் லூவர் கண்ணாடிதான். இதற்கு மிகச் சிறந்த மறைப்பு அந்தக் கண்ணாடியேதான் என்பது என் கருத்து. தெளிவான கண்ணாடி போட்டிருந்தால் ஒரு பட்டையை மட்டும் உருவி எடுத்துக் கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோங்கள். அதே அளவில் பின்ஹெட் கண்ணாடி வெட்டி, ஓரம் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். பழையதை உருவிய இடத்தில் புதியதைச் செருகினால் வேலை முடிந்தது. பட்டைகள் வெளிப்பக்கம் தாழ்ந்து சாய்ந்திருப்பதால் எதிர் மாடிப்படியில் நிற்பவருக்கு உள்ளே தெரியாது, சாரலும் வெளியிலேயே வழியும், காற்றும் நிற்காது. கண்ணாடி மாற்ற முடியாதவர்கள் ஒவ்வொரு பட்டையிலும் தனித்தனியாக ஃப்ராஸ்டட் ஸ்டிக்கர் ஒட்டலாம். ஜன்னல் முழுவதையும் ஒரே தாளாக மூடிவிடாதீர்கள்.

தள்ளித் திறக்கும் யுபிவிசி ஜன்னல் என்றால் பசையில்லாத ஃபிலிம் போதும். சோப்புத் தண்ணீர் தெளித்து, ஃபிலிமை வைத்து, பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினால் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடிபோல் மின்னும் ஒருவழி ஃபிலிமைக் குளியலறைக்கு வாங்கவே வாங்காதீர்கள். பகலில் வெளியே வெளிச்சம் அதிகம் என்பதால் அது மறைக்கும். இரவில் உள்ளே விளக்கைப் போட்டதும் நிலைமை தலைகீழாகிவிடும். எதை ஒட்டினாலும் இருட்டிய பின் உள்ளே விளக்கைப் போட்டு, ஒருவரை நிற்கச் சொல்லி, நீங்கள் வெளியே போய்ப் பாருங்கள். வீட்டுப் பெண்களின் நிம்மதி இதில் இருக்கிறது. இந்தச் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

மூன்றாவது வழி ஸ்பிரிங் ராடு. ஜன்னல் குழிவின் இரு பக்கச் சுவருக்கும் இடையே இறுக்கி நிற்கும். அதில் ஷவர் கர்ட்டன் துண்டு ஒன்றைத் தொங்கவிடலாம். ராடை உச்சியில் பொருத்தாமல் நான்கு அங்குலம் கீழே பொருத்துங்கள். நீராவி மேலே ஏறிப் போக அந்த இடைவெளி வேண்டும். ரப்பர் முனை படும் இடத்தில் சோப்புப் படலம் இருந்தால் வழுக்கும், நன்றாகத் துடைத்துவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பிளாஸ்டிக் பூசிய ராடாக வாங்குங்கள், மற்றவை துருப்பிடித்து டைல்ஸில் கறை விடும்.

ஒட்டும் வகை பிளைண்ட்ஸில் பிவிசி தேறும். அலுமினியப் பட்டைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன்: போர் தண்ணீர் தெறித்து உப்பு வெள்ளையாகப் படிந்தால் ஒவ்வொரு பட்டையாகத் தேய்க்க வேண்டும். இழுக்கும் கயிறு வளையமாகத் தொங்கும் மாடல் குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

அளவு எடுக்கும்போது அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, சிறியதை வைத்துக்கொள்ளுங்கள். கொத்தனார் கட்டிய குழிவு நேராக இருக்கும் என்று நம்ப முடியாது. ஆன்லைனில் சென்டிமீட்டரில் போட்டிருப்பார்கள். இரண்டடி என்பது ஏறக்குறைய 61 சென்டிமீட்டர்.

மறைப்புக்கு முன்னால் கொசுவலை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், பக்கெட்டில் பிடித்து வைத்த நல்ல தண்ணீரிலேயே முட்டையிடும். எனவே வலையும் வேண்டும், வாரம் ஒருமுறை பக்கெட்டைக் கவிழ்த்துத் தேய்க்கவும் வேண்டும். ஜன்னல் சட்டத்தில் வெல்க்ரோ ஒட்டி ஃபைபர் வலையைப் பொருத்தினால் கழற்றிக் கழுவலாம். இரும்புச் சட்டமென்றால் காந்தப் பட்டையும் நிற்கும், யுபிவிசியில் நிற்காது.

ஒட்டுவதற்கு முந்தைய இரவே குளியலறையை உலரவிடுங்கள். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, டேப்பை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஒருநாள் முழுக்க அங்கே குளிக்காதீர்கள், எடையும் ஏற்றாதீர்கள். டைல்ஸிலும் கண்ணாடியிலும் ஜன்னல் சட்டத்திலும் மட்டும் ஒட்டுங்கள். டிஸ்டெம்பர் அடித்த சுவரில் ஒட்டினால் பெயிண்ட்டோடு உரிந்து வரும். வீடு காலி செய்யும்போது டேப்பைப் பிய்த்து இழுக்காமல், ஹேர் டிரையரால் சூடு காட்டி மெதுவாக உரியுங்கள். டைல்ஸில் மிஞ்சும் பிசுக்கு தேங்காய் எண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தால் போய்விடும்.