கொட்டாங்குச்சிக் கரியும் தைராய்டு மாத்திரையும்

கேள்வி: எனக்கு 52 வயது. மல்லாட்டை, மொச்சை எது சாப்பிட்டாலும் வயிறு கல் மாதிரி உப்பிக்கொள்கிறது. இரண்டு மாதமாக, ஆன்லைனில் வாங்கிய ‘ஆக்டிவேட்டட் சார்க்கோல்’ கேப்ஸ்யூலை (250 மில்லிகிராம்) காலையில் தைராய்டு மாத்திரையோடு சேர்த்துப் போடுகிறேன். இனி கொட்டாங்குச்சியைச் சுட்டு நாமே பொடித்துக்கொள்ளலாம் என்கிறார் வீட்டுக்காரர். செய்யலாமா? மலம் கறுப்பாகப் போகிறதே, பரவாயில்லையா?
– வாசகி, செஞ்சி

பதில்: நாளைக் காலையிலிருந்து நிறுத்திவிடுங்கள் அம்மா. தைராய்டு மாத்திரையை அல்ல, கரியை.

வாயு எது, மருந்து எது என்று கரிக்குத் தெரியாது. அகப்பட்டதைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும். உங்கள் மாத்திரை 50 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொண்டால், கூடப் போகிற கரி எடையில் 5,000 மடங்கு. தைராய்டு மருந்து உடம்பில் சேராவிட்டால் குடல் மந்தமாகும், மலம் இறுகும், வயிறு உப்பும். எந்தத் தொல்லைக்காகக் கரி போட்டீர்களோ, அதைக் கரியே வளர்த்துக்கொண்டிருக்கலாம். நிறுத்தி ஆறு வாரம் கழித்து டி.எஸ்.எச். பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் யோசனை வேண்டாம். ஆலையிலும் கொட்டாங்குச்சிதான் மூலப்பொருள். ஆனால் காற்றுப் புகாமல் கரியாக்கி, சுமார் 900 டிகிரியில் நீராவி செலுத்துவார்கள். அப்போது திறக்கும் நுண்துளைகளால் ஒரு கிராம் கரிக்குள் 25 சென்ட் நிலம் அளவுக்குப் பரப்பு உண்டாகிறது. வாசலில் சுட்ட கரியில் அது வராது. சாம்பலும் தாரும்தான் வயிற்றுக்குப் போகும்.

விஷம் குடித்து வருபவர்களுக்கு, பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள், இந்தக் கரியை 50 கிராம்வரை கொடுக்கிறோம். அதன் பெருமை அங்கே சம்பாதித்தது. வாயுத் தொல்லைக்கு அவ்வளவு உறுதியான சான்று இல்லை. 1986-இல் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் நடந்த ஆய்வு வாயு குறைந்ததாகச் சொன்னது. 1999-இல் வந்த அமெரிக்க ஆய்வு, அளவும் நாற்றமும் குறையவில்லை என்றது. தினமும் மாத்திரை போடுகிறவருக்கு இது தேவையில்லாத வேலை என்பதே என் கருத்து. சர்க்கரை, வலிப்பு, இதய மாத்திரை போடுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மொச்சையை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவையுங்கள். மல்லாட்டை ஒரு கைப்பிடி போதும், அதுவும் பகலில்.

மலம்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. கரியாலும் கறுக்கும், இரைப்பையில் ரத்தம் கசிந்தாலும் கறுக்கும். இரண்டு மாதமாக ஒன்று மற்றதை மறைத்திருக்கலாம். நிறுத்திய மூன்று நான்கு நாளில் நிறம் திரும்பவில்லையென்றால் செஞ்சி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எண்டோஸ்கோப்பி தேவைப்பட்டால் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். தார்போலப் பிசுபிசுத்து நாறினாலோ, எழுந்து நின்றால் தலை சுற்றினாலோ நாள் எண்ண வேண்டாம், இன்றே கிளம்புங்கள்.