காட்சிச் சுவர்

இல்லத்தின் வாயிலில் புள்ளிக்கோலம் இடுவாரை நாம் நாள்தோறும் காண்கின்றோம். அவர் முதலில் புள்ளிகளை நேர்வரிசையாக வைக்கின்றார். பின்னர் அவற்றைச் சுற்றியும் இணைத்தும் கோடு இழைக்கின்றார். புள்ளிகளின் இடைவெளி ஓரிடத்தில் மிகுந்து மற்றோரிடத்தில் குறைந்துவிடின், கோலம் கோணிவிடுகின்றது. தவறு நேர்ந்தது ஒரு புள்ளியில். அழகு கெட்டதோ கோலம் முழுவதிலும். புள்ளிகளால் ஆகிய மற்றொரு பெருங்கோலத்தை இக்காலத்தில் விளையாட்டரங்குகளிலும், தொடர்வண்டி நிலையங்களிலும், விழா மேடைகளிலும் காண்கின்றோம். அதுவே காட்சிச் சுவர் ஆகும்.

காட்சிச் சுவர் ஒரே பலகையாகச் செய்யப்பெற்ற திரை அன்று. சிறு சிறு பெட்டிகளை அடுக்கி எழுப்பப்பெறுவது. அத்துணைப் பெரிய திரையை ஒரே துண்டாகச் செய்தல் அரிது. செய்தாலும் வாயிலின் வழியே உள்ளே கொண்டு செல்லுதல் அதனினும் அரிது. பகுதிகளாகச் செய்துவிட்டால் எளிதில் தூக்கலாம்; வேண்டிய அளவுக்குச் சுவரை வளர்க்கலாம்; ஒரு பகுதி பழுதுபடின் அதனை மட்டும் மாற்றலாம். ஆயின், இந்நன்மைகளோடு ஒரு தொல்லையும் உடன் பிறந்தது. பகுதிகள் பலவாதலின் மூட்டுகளும் பலவாயின. அம்மூட்டுகள் காண்போர் கண்ணுக்குப் புலனாகாவண்ணம் செய்தலே இத்தொழிலின் உயிர்நிலை.

1980-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து டாட்ஜர் விளையாட்டரங்கில் மிட்சுபிஷி நிறுவனம் அமைத்த திரையும், 1985-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டின் சுகுபா நகரில் நடைபெற்ற கண்காட்சியில் சோனி நிறுவனம் நிறுவிய 40 மீட்டர் அகலமும் 25 மீட்டர் உயரமும் உடைய திரையும் இவ்வகையில் முன்னோடிகள். இன்றோ எல்.இ.டி. எனப்படும் ஒளிரும் டையோடுகளே பெருந்திரைகளுக்கு ஒளி தருகின்றன. கண்ணுக்குப் புலனாகும் சிவப்பொளி தரும் டையோடு 1962-ஆம் ஆண்டிலேயே உருவாயிற்று. நீல ஒளியைச் செறிவாகத் தரும் டையோடு கிடைப்பதற்கோ 1990-களின் தொடக்கம் வரையில் உலகம் காத்திருக்க நேர்ந்தது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றும் கூடினாலன்றிப் பல வண்ணங்களும் பிறவா. அந்நீல ஒளிக்கு வழிகண்ட அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவர்க்கும் 2014-ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

இனி, ஒரு மண்டபத்தில் 6 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள காட்சிச் சுவரை எழுப்புவதாகக் கொள்வோம். ஒவ்வொரு பெட்டியும் அரை மீட்டர் சதுரமாயின், ஒரு வரிசைக்குப் பன்னிரண்டாக ஆறு வரிசைகளில் 72 பெட்டிகள் வேண்டும். புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே 2.5 மில்லிமீட்டர் எனின், ஒரு பெட்டியில் 40,000 புள்ளிகள் அமையும். சுவர் முழுவதும் 28,80,000 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று வண்ண டையோடுகள் உள்ளமையின் அவற்றின் தொகை 86,40,000 ஆகின்றது. இத்தகைய புள்ளிகள் ஏறத்தாழ எட்டரை மீட்டர் தொலைவுக்கு அப்பால் நிற்பவர் கண்ணுக்குத் தனித்தனியே தோன்றாமல் ஒன்றாகக் கலந்துவிடும். காண்போர் மிக அருகில் அமர்வராயின் இடைவெளி குறைந்த பெட்டிகளைத் தேர்தல் வேண்டும். எனவே, திரையை வாங்குமுன் இருக்கைகளின் தொலைவை அளப்பவரே அறிவுடையவர்.

அடுத்து எண்ண வேண்டுவது எடை. பெட்டி ஒன்று 8 கிலோகிராம் எனக் கொண்டால், 72 பெட்டிகள் 576 கிலோகிராம் ஆகும். சட்டமும் வடங்களும் இதற்குப் புறம்பானவை. இவ்வளவு சுமையும் மக்கள் தலைக்குமேல் தொங்குமாயின், அதனைத் தாங்கும் கயிறும் கொக்கியும் எத்துணை உறுதியாக இருத்தல் வேண்டும்! 2022-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28-ஆம் நாள் ஹாங்காங் நகர அரங்கு ஒன்றில் இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோது, மேலே தொங்கிய திரை அறுந்து மேடைமீது விழுந்தது. ஆடிக்கொண்டிருந்த இளைஞர் இருவர் அடிபட்டனர். அவருள் ஒருவர்க்கு முதுகெலும்பில் கொடிய காயம் நேர்ந்தது. திரையைத் தாங்கிய கம்பிக்கயிறு உலோகச் சோர்வினால் அறுந்தது என்பதும், மேடைக் கருவிகளின் எடை உண்மையினும் மிகக் குறைவாகக் காட்டப்பட்டிருந்தது என்பதும் பின்னர் நடந்த ஆய்வில் வெளிப்பட்டன. காகிதத்தில் குறைத்து எழுதப்பட்ட எண் ஓர் இளைஞரின் வாழ்வையே மாற்றிவிடக்கூடும். ஆதலின், அழகைப் பற்றி எண்ணுமுன் உறுதியைப் பற்றி எண்ணுதல் இத்தொழிலாளர் முதற்கடமை.

சட்டம் உறுதியாக நின்றபின் பெட்டிகளை அடுக்குவர். கொத்தனார் முதல் வரிசைச் செங்கலை இரசமட்டம் வைத்துப் பார்ப்பதுபோல, இவரும் அடிவரிசையை மிகுந்த கருத்துடன் மட்டம் பார்க்கின்றனர். அடிவரிசையில் தோன்றிய சிறு சாய்வு மேலே செல்லச் செல்லப் பெருகும். இரண்டு பெட்டிகளுக்கு இடையே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகல் நேர்ந்தாலும், அது புள்ளி இடைவெளியில் நூற்றுக்கு நான்கு பங்கு ஆகும். அவ்விடத்தில் ஒளி குறைந்து ஒரு கருங்கோடு தோன்றும். பெட்டிகள் மிக நெருங்கிவிட்டாலோ வெண்கோடு தோன்றும். ஓரப் புள்ளிகளின் ஒளியைக் கருவியால் சிறிது கூட்டியும் குறைத்தும் இக்கோடுகளை ஓரளவு மறைக்கலாம். ஆயின், ஒரு பெட்டி மற்றொன்றைவிட முன்தள்ளி நிற்குமாயின், நேரே காண்பவர்க்கு மறைத்த குறை பக்கத்திலிருந்து காண்பவர்க்கு வெளிப்பட்டுவிடும். கோணி நின்ற பெட்டியைக் கையால் நிமிர்த்தலாமேயன்றிக் கணக்கால் நிமிர்த்தல் இயலாது.

வெப்பத்தையும் மறத்தலாகாது. ஆறு மீட்டர் நீளமுள்ள அலுமினியச் சட்டம் 20 பாகை வெப்பம் ஏறினால் ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர் நீளும். அதற்கு இடம் தருவான் வேண்டி, ஓரங்களில் சிறிது வெளி விடுகின்றனர். திரையைச் சில மணி நேரம் எரியவிட்டுச் சூடேறிய பின்னரே இறுதியாகச் சீர் செய்கின்றனர்.

பின்னர் வடங்களைப் பூட்டுவர். படச்செய்தி ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு வரிசையாகச் செல்லும். எந்தப் பெட்டி எவ்விடத்தில் உள்ளது என்பதைக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு அறிவித்தல் வேண்டும். அவ்வரிசை மாறினால், பேசுவார் ஒருவரின் தலை ஒரு மூலையிலும் கை மற்றொரு மூலையிலுமாகப் படம் சிதறும். திரையின் பின்புறம் நின்று வடம் பூட்டுவார்க்கு வலமாக இருப்பது, முன்னே அமர்ந்து காண்பார்க்கு இடமாகும். இவ்வெளிய உண்மையை மறந்து இடர்ப்பட்டோர் பலர்.

எல்லாம் முடிந்தது என எண்ணும் வேளையில்தான் நுண்ணிய வேலை தொடங்குகின்றது. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்யப்பெற்ற டையோடுகளும் ஒளியில் முற்றும் ஒத்திருப்பதில்லை. சில மிகுதியாக ஒளிரும். சில மங்கலாக ஒளிரும். சுவர் முழுவதும் மங்கிய சாம்பல் நிறத்தைக் காட்டச் செய்தால் இவ்வேறுபாடு திட்டுத்திட்டாக வெளிப்படும். எனவே, அளக்கும் ஒளிப்படக் கருவியைக் கொண்டு ஒவ்வொரு டையோடின் ஒளியையும் நிறத்தையும் அளக்கின்றனர். ஒவ்வொன்றுக்கும் உரிய திருத்த எண்ணைக் கணித்துப் பெட்டியின் நினைவகத்தில் பதிக்கின்றனர். இங்கே நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. மங்கிய டையோடை அதன் ஆற்றலுக்குமேல் ஒளிரச் செய்தல் இயலாது. செய்தால் அது விரைவில் கெடும். ஆதலின், மிகுதியாக ஒளிர்பவற்றையே சிறிது அடங்கச் செய்து, ஏனையவற்றோடு ஒத்து நிற்கச் செய்கின்றனர். அவ்வடக்கத்தினால் ஒளியில் ஒரு சிறு பகுதி குறைகின்றது, ஆயின், முகத்தில் திட்டு இல்லை, வானத்தில் கோடு இல்லை, படம் ஒன்றாகின்றது.

திரையை நிறுவியவர் எதிர்காலத்தையும் எண்ணி, அதே தொகுதியில் செய்யப்பெற்ற பலகைகள் சிலவற்றைச் சேமித்து வைக்கின்றார். பழுதுற்ற இடத்தில் புதிய தொகுதிப் பலகையைப் பொருத்தினால், அது பழைய வேட்டியில் தைத்த புதுத்துணி போலத் தனித்துத் தோன்றும். அதனையும் அளந்து, சூழ நிற்பவற்றோடு இசைவித்தல் வேண்டும்.

விழாநாளில் மண்டபம் நிறைகின்றது, திரை ஒளிர்கின்றது. மக்கள் படத்தைக் காண்கின்றனர், சுவரைக் காண்பதில்லை. மூட்டு ஒன்று கண்ணில் பட்டிருந்தால் அதனை அமைத்தவரைக் குறை கூறியிருப்பர். ஒன்றும் படாமையால் அவரை நினைப்பாரும் இல்லர். பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டரையும் பொருட்படுத்தி உழைத்த அவர், கூட்டத்தின் பின்னே ஒரு மூலையில் அமைதியாக நிற்கின்றார். தம் வேலை புலப்படாமையே அவர் பெற்ற பரிசு. பெரியதொன்று பிழையின்றி விளங்கக் காணும்போதெல்லாம், அதனுள் அடங்கி நிற்கும் சிறியவற்றையும், அவற்றை ஒன்றாக்கிய கைகளையும் நாம் நினைத்துப் பார்ப்போமாக.