மீண்டும் ஓர் அலை: கதவடைக்கும் முன் செய்ய வேண்டியவை



"அதான் ரெண்டு ஊசி போட்டாச்சே, இனி என்ன?" இந்தப் பேச்சு பீடோங் பட்டணத்திலும் கேட்டது, தோட்டத்து லயத்திலும் கேட்டது. ஆனால் 2022 பிப்ரவரியில் நாட்டின் தினசரி தொற்று எண்ணிக்கை மறுபடியும் பத்தாயிரத்தைத் தாண்டியது. ஓமிக்ரான் அலை அப்போது நம் வாசலுக்கு வந்திருந்தது. யாரையும் பயமுறுத்த இந்தப் பாடம் இல்லை. போன முறை எதில் தடுமாறினோம், இந்த முறை எதை முன்கூட்டியே செய்யலாம் என்று பார்ப்போம்.

அலை ஏன் திரும்பி வருகிறது?

காரணம் மூன்று. ஒன்று, கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவிப் பெருகும்போது மாற்றமடைகிறது. டெல்டாவும் ஓமிக்ரானும் அப்படி உருவானவைதாம். இரண்டு, தடுப்பூசி கொடுத்த பாதுகாப்பு மாதங்கள் போகப் போகக் குறைகிறது. அதனால்தான் ஊக்கத் தடுப்பூசி போடச் சொன்னார்கள். மூன்று, நாம் அலுத்துப் போகிறோம். முகக்கவரி தாடைக்கு இறங்கிவிடுகிறது.

இது புதிய கதை அல்ல. 1918-ஆம் ஆண்டு இன்ஃபுளுயன்சா முதலில் லேசாக வந்து போனது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் இரண்டாவது அலையாக மலாயாவைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கில் உயிர்கள் போயின. தோட்டங்களில் வேலை செய்த நம் முன்னோர்கள் அதில் பெரும் இழப்பைச் சந்தித்தார்கள். நெருக்கமான லயம், போதாத சாப்பாடு, எட்டாத மருத்துவம். முதல் அலை லேசாகப் போனதே என்று நம்பி இருந்துவிட முடியாது என்பதற்கு அதுவே சாட்சி.

கெடாவில் படித்த பாடம்

2020 ஜூலையில் இந்தியாவிலிருந்து திரும்பிய ஓர் உணவகக்காரருக்கு முதல் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. வீட்டில் தனிமையில் இருக்க வேண்டியவர் கடைக்குப் போனார். பிறகு எடுத்த பரிசோதனையில் தொற்று உறுதியானது. குபாங் பாசுவில் தொடங்கிய அந்தச் சிவகங்கா தொற்றுத்திரள் பெர்லிஸ், பினாங்கு வரை போய் 40 பேருக்கு மேல் தொற்றியது. நீதிமன்றம் அவருக்கு 5 மாதச் சிறையும் 12,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது தண்டனையை அல்ல, காரணத்தை. தொற்றிய முதல் சில நாள்களில் கிருமி குறைவாக இருக்கும், பரிசோதனையில் சிக்காமல் போகலாம். 'நெகட்டிவ்' என்ற சொல் அன்றைக்கு மட்டும் செல்லும். நாளைக்கு உத்தரவாதம் இல்லை. தனிமைப்படுத்தும் நாள்களை எண்ணி முடிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

2021-இல் எது உடைந்தது?

முதலில் வருமானம். ஜூன் 1-ஆம் தேதி முழு முடக்கம் வந்ததும் நாள் சம்பளக்காரர்களின் அடுப்பு அணைந்தது. அந்த மாதக் கடைசியில் நாடு முழுவதும் வீட்டு வாசல்களில் வெள்ளைக் கொடி ஏறியது.

அடுத்தது மருத்துவம். ஆகஸ்ட் 26-ஆம் தேதி ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று. சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனையில் படுக்கைகள் நிரம்பி வழிந்தன.

மூன்றாவது பிள்ளைகளின் படிப்பு. வீட்டில் ஒரே கைப்பேசி, மூன்று பிள்ளைகள். அப்பா வேலைக்குப் போனால் கைப்பேசியும் கூடவே போய்விடும். இயங்கலை வகுப்பு யாருக்கு?

இந்த முறை என்ன செய்யலாம்?

1. பதிவேடு: ஒவ்வொரு கிளையும் தன் தோட்டம், தாமானில் தனியாக வாழும் முதியவர்கள், நீரிழிவு, இருதய நோயாளிகள், நாள் சம்பளக் குடும்பங்கள் ஆகியோரைக் குறித்து வையுங்கள். அந்தத் தகவல் இரண்டு பொறுப்பாளர்களிடம் மட்டும் இருக்கட்டும். புலனக் குழுவில் போட வேண்டாம்.

2. ஊசி: 60 வயதைக் கடந்தவர்களும் சினோவேக் போட்டவர்களும் ஊக்கத் தடுப்பூசியைத் தள்ளிப் போடக்கூடாது என்று 2022-இல் சொல்லப்பட்டது. 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கான தடுப்பூசி 2022 பிப்ரவரி 3-ஆம் தேதி தொடங்கியது. மைசெஜாத்ரா பயன்படுத்தத் தெரியாத பாட்டிக்கு நீங்கள்தான் பேரன், பேத்தி. உட்கார்ந்து பதிவு செய்து கொடுங்கள்.

3. ஆக்சிமீட்டர்: கிளைக்கு இரண்டு வாங்கி வைத்துத் தேவைப்படும் வீட்டுக்குக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள். உயிர்வாயு அளவு 95-க்குக் கீழே இறங்கினால் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனை. மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது என்றால் கருவி என்ன காட்டினாலும் புறப்படுங்கள்.

4. மருந்து, அரிசி: வழக்கமான மருந்து தீர்ந்து போகும்வரை இருக்காதீர்கள், முன்னதாகவே கிளினிக்கில் கேட்டு வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கான அரிசி, பருப்பு போதும். அளவுக்கு மீறி வாங்கிக் குவித்தால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைக்காது.

5. படிப்பு: 2022-இல் எஸ்.பி.எம். தேர்வு மார்ச் 2-ஆம் தேதி தொடங்கியது. தேர்வு நேரத்தில் தொற்று வந்தால் என்ன நடைமுறை என்று பள்ளியில் இப்போதே கேட்டு வையுங்கள். பயன்படுத்தாத பழைய கைப்பேசிகளைச் சேகரித்துச் சரிசெய்து கொடுக்கலாம். ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் நம் செமிலிங்கில்தான் இருக்கிறது. அங்கே படிக்கும் அண்ணன், அக்காமார்களிடம் வாரம் ஒரு மணி நேரம் கேட்டுப் பார்க்கலாமே.

6. ஆலயம்: வழிபாடு நிற்கவேண்டியதில்லை, கூட்டம் குறையவேண்டும். அன்னதானத்தைப் பொட்டலமாகக் கொடுங்கள்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். தொற்று வந்த குடும்பத்தைக் குற்றவாளிபோல் பார்த்தால் அடுத்த குடும்பம் அதை மறைக்கும். மறைத்தால் பரவும். "ஏன் வந்துச்சு?" என்று கேட்காமல், "சாப்பாடு கேட்டில் மாட்டிட்டோம், வேறென்ன வேணும்?" என்று கேளுங்கள்.

கலந்துரையாடலுக்கு

அ. உங்கள் பகுதியில் நாளைக்கே பத்து வீடுகள் தனிமைப்படுத்தப்பட்டால், யார் சாமான் வாங்கிக் கொடுப்பார்? யாரிடம் கார் இருக்கிறது?

ஆ. ஏழு பேர் வாழும் இரண்டு அறை வீட்டில் ஒருவருக்குத் தொற்று. அவரை எங்கே, எப்படித் தனியாக வைப்பீர்கள்?

இ. உங்கள் பதிவேட்டில் முதலில் எழுதவேண்டிய மூன்று பெயர்கள் யாவை?

மூன்றாவது கேள்விக்கு விடை எழுதியவுடன் புத்தகத்தை மூடிவிட்டு, அந்த மூன்று வீடுகளுக்கும் ஒரு போன் போடுங்கள்.